தோய்க்காத ஸ்வெட்டர்

எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து யார் ஊட்டிக்குக் கிளம்பினாலும் முதலில் போய் நிற்பது மூன்றாம் வீட்டு மாமாவின் வாசலில்தான். சென்னை வெயிலில் கம்பளி உடுப்புக்கு யார் செலவழிப்பார்கள்? தெரு முழுவதற்கும் இருந்தவை அவருடைய பச்சை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும்தான். பொட்டானிக்கல் கார்டனில் எடுத்த எல்லார் வீட்டுப் போட்டோவிலும் முகம்தான் மாறும், ஸ்வெட்டர் மாறாது.

வழுக்கைத் தலையும் பெரிய மூக்குமாக இருப்பார். இரவல் தரும்போது அவருக்கு ஒரே நிபந்தனை.

"வந்ததும் தோய்ச்சுடாதேங்கோ. அப்படியே கொண்டு வந்து குடுங்கோ."

நாங்கள் குடும்பத்தோடு போய் வந்து ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை மூக்கருகே வைத்து ஆழமாக மோந்து பார்த்தார்.

"தைல வாசனை நன்னா வரது. ஏரியில படகுல போனேளா?"

"நீங்க எப்போ மாமா போயிட்டு வந்தேள்?" என்று கேட்டேன்.

"போகணும்னுதான் வாங்கினேன். மே மாசம் வந்தா யாராவது வந்து கேட்டுடறா."

வீட்டுக்கு வந்த பிறகுதான் குல்லா எங்கள் பெட்டியிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு போனேன். அக்னி நட்சத்திர வெயில் கொளுத்தியது. கூடத்தில் மாமா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, குல்லா..." என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார்.

"நல்ல வேளை, கொண்டு வந்தேள். தொட்டபெட்டா உச்சியில காத்து காதை அடைக்கறது."

குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.