திரையை மூடிய கை

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஒரு மருத்துவமனைக்காக நாங்கள் எழுதிய செயலி வெளியாகும் தறுவாயில், நோயாளிகளின் விவரங்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த அதன் சர்வரைச் சோதிக்க எசன் நகரிலிருந்து ஓர் ஈழத்துப் பெண் வந்தார். என்னைவிட இளையவர். மழைக்கோட்டைக் கழற்றாமலே வேலை செய்தார். சர்வருக்கு ஒரு கேள்வியை அனுப்பியதும் உள்ளங்கையால் திரையை மூடிக்கொள்வார். பதில் நீள நீளச் சுருங்கும் ஓரத்து ஸ்க்ரோல் பட்டையை மட்டும் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு நோயாளியின் கணக்கில் நுழைந்து, அவருடைய மருத்துவர் யார் என்று கேட்டார். அடுத்து, அந்த மருத்துவரின் மற்ற நோயாளிகள் யார் என்று கேட்டார். மறுக்க வேண்டிய சர்வர் பதில் அனுப்பியது. பட்டை சுருங்கிப் புள்ளியாயிற்று.

“ஒரு ஆளின்ரை விவரம் இவ்வளவு நீளம் வராது, அண்ணை.”

திரையை நோக்கிக் குனிந்தேன். “என்ன வந்திருக்கு? கையை எடுங்க.”

“ஏலாது. உங்களுக்கும் பாக்க உரிமை இல்லை.”

“சர்வரை எழுதினதே நான்தாங்க!”

“சர்வர் உங்கடைதான். நோய் அவையின்ரை.”

வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியே அனுமதிச் சோதனை எழுதினேன். அதே கேள்வியை மீண்டும் அனுப்பினார். அனுமதி இல்லை என்றது சர்வர்.

“இப்ப பாருங்கோ” என்று கையை எடுத்தார்.

அன்று அந்தக் கைக்கு அடியில் யார் யார் இருந்தார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.