முப்பது நாள் யாரும் கத்தவில்லை

குடிநீர் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் அவளை எல்லாரும் லிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே கணினிகளில் ஓடும் மென்பொருள் அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. எது எப்போது வந்தது, யார் பயன்படுத்துகிறார்கள், எதை எப்போது வழியனுப்ப வேண்டும் என்று இருநூற்றுப் பதினான்கு வரிகளில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் வரிந்து கட்டிக்கொண்டு வருகிற ஆட்கள், பழையதை அணைக்கும்போது எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கேட்டு வாங்கியவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்திருப்பார். அது மட்டும் யாருக்கென்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

யாருக்கு வேண்டும் என்று கடிதம் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சத்தமில்லாமல் அணைத்துவிட்டு முப்பது நாள் காத்திருப்பாள். யாராவது கத்தினால் திரும்பப் போடுவாள். கத்தாவிட்டால் அடியோடு அழித்துவிடுவாள். பதினோரு வருடத்தில் நாற்பத்தாறை இப்படி ஒழித்துக்கட்டியிருந்தாள். மேலதிகாரிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான். தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியதெல்லாம் பரணில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும். முப்பது நாள் யாரும் தேடாவிட்டால் குப்பைக்குப் போகும். கணவர் வாயில்லாப்பூச்சி, எதையும் தேடியதில்லை. வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

பட்டியலின் நூற்று மூன்றாம் வரியில் பதினெட்டு வயதான மென்பொருள் ஒன்று இருந்தது. பயன்படுத்துபவர் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்றிருந்தது. அணைத்தாள். இருபத்தொன்பது நாள் மூச்சுப் பேச்சில்லை. முப்பதாம் நாள் காலை, அழிப்பதற்குப் புகார்ப் பிரிவின் கையெழுத்தும் வேண்டியிருந்ததால், தாளோடு தரைத்தளத்துக்கு இறங்கினாள்.

அந்தப் பிரிவில் ஒரே ஆள். எது சொன்னாலும் சரிங்க என்பதால் அவருக்குச் சரிங்க என்றே பெயர். காதில் தொலைபேசி, முன்னால் ஒரு தடித்த நோட்டு.

“பத்து மணிக்குத் தண்ணி நிக்கும்மா. இன்னிக்கு மெஷின் போட வேண்டாம். நாளைக்குப் போட்டுக்கங்க.”

வைத்தபின், யாருக்கு போன் என்று கேட்டாள்.

“வீட்லயே டயாலிசிஸ் பண்றவங்களுக்கு மேடம். ரத்தத்தைச் சுத்தம் பண்றப்ப நடுவுல தண்ணி நின்னா உயிருக்கே வம்பு. எந்தெந்த நாள் எந்தத் தெருவுல குழாய் வேலை, அங்க யார் யார் இருக்காங்கன்னு கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்கும். ஒரு மாசமா அது வேலை செய்யல.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்ப எப்படி சமாளிக்கிறீங்க?”

“ஞாபகத்துல இருந்து எழுதி வச்சேன். மொத்தம் நாப்பத்தொரு பேரு. முப்பத்தேழு வந்துடுச்சு. நாலு பேருதான் பிடிபடல. சாயங்காலம் தெருத்தெருவா போய்க் கதவைத் தட்டிக் கேட்டுட்டு வர்றேன். நாளைக்கு வேலை நடக்கப்போற தெருதான் கொஞ்சம் நீளம்.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?”

“மேல இருக்கிறவங்க யோசிச்சுத்தான் நிறுத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தாளை அங்கேயே நாலாகக் கிழித்தாள். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள்.

அரைமணி நேரத்தில் மென்பொருள் உயிர்பெற்றது. விட்டுப்போன நாலு பேரும் திரையில் வந்தார்கள். ஒருவர் அந்த நீளத் தெருவில் கடைசி வீடு. அவளே கூப்பிட்டாள். நாளைக் காலை ஏழு மணிக்கு மெஷின் போடுவதாக இருந்தாராம். தண்ணீர் எட்டு மணிக்கு நிற்கும் என்று சொன்னாள். இதை நேற்றே சொல்ல என்ன கேடு என்று அவர் கால்மணி நேரம் கத்தினார். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு ‘தெரியவில்லை’யை அழித்துவிட்டுக் கீழ்த்தளத்துக்காரரின் பெயரை எழுதப் போனாள். தெரியவில்லை. இறங்கிப் போய்க் கேட்டு எழுதினாள்.

சாயங்காலம் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் பரணைப் பார்த்தாள்.

“ஏங்க, நான் தூக்கிப்போட்டதுல உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்துச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

மற்ற நாளாயிருந்தால் அவ்வளவோடு எழுந்து போயிருப்பாள். “பரவால்ல, சொல்லுங்க” என்றாள்.

அவர் துண்டை மடித்துக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தேதிப்படி சொல்லட்டுமா, பொருள்படி சொல்லட்டுமா?”