ஓடிப்போகவில்லை, கூடுதல் நாள் இருந்தேன்

1. கண் மருத்துவமனைக் கவுண்டர்

நான் வேலையை விட்டு ஓடிப்போன விஷயம் எனக்கே ஒரு கண் மருத்துவமனையில்தான் தெரிந்தது. அப்போது கம்பெனி யூனிஃபாரம் போட்டிருந்தேன். இரண்டு மணிக்குள் திரும்பி வந்துவிடுவதாக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வளைகுடாவில் ஒரு நாடு. பெயர் வேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனால், கருகிய கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. வைண்டிங் என்போம். நாற்பத்தாறு வயதில் கம்பி நுனி இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததால் கண்ணாடி மாற்றப் போனேன்.

கவுண்டரில் இருந்த ஜெசி திருநெல்வேலிப் பெண். என் ரெசிடென்ஸ் கார்டை வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது எக்ஸ்பயரி ஆயி ஏழு மாசம் ஆச்சே."

"தெரியுமுங்க. புதுசு வருதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

அவளுக்கு என்ன தோன்றியதோ, தன் போனில் அந்த நாட்டு அரசாங்க இணையதளத்தைத் திறந்து என் கார்டு எண்ணைப் போட்டாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நீங்க ஆறு மாசத்துக்கு முன்னாடியே வேலைய விட்டு ஓடிட்டீங்கன்னுல்லா போட்டிருக்கு. அப்ஸ்காண்டிங் கேஸு."

"நானா? காலையில ஏழு மணிக்கு ஒரு மோட்டாரை மாட்டி வெச்சுப்போட்டு வாரேன் கண்ணு. நான் எங்க ஓடினேன்?"

"கம்பெனிதான் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கு" என்றாள்.

கண்ணைச் சோதிக்காமலேயே திரும்பினேன். இரண்டு மணிக்கு முன்பே கம்பெனிக்குள் இருந்தேன். ஓடிப்போனவள் நேரத்துக்கு டூட்டிக்கு வந்துவிட்டாள்.

2. என் பக்கத்துத் தவறு

எனக்கு ஊர் கணபதி, மோட்டார் கம்பெனிகள் நிறைந்த இடம். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு மோட்டார் யூனிட்டில் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்ற உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வைண்டிங் டேபிளில் பாதிக்கு மேல் பெண்கள்தான். வெளிநாட்டில் மோட்டார் சர்வீஸ் கம்பெனி நடத்தும் முதலாளி ஒருவர் பம்பு வாங்க எங்கள் யூனிட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் என் பின்னால் நின்று பார்த்தார். பிறகு எங்கள் முதலாளியிடம், பம்போடு சேர்த்து இந்த அம்மாவையும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் போனேன். என் கணவர் பழனிசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "ரெண்டு வருசந்தானே, போய்ட்டு வா" என்றார்.

இரண்டு வருடம் முடிந்தும் வேலையில் தொடர்ந்தேன். மூன்றாவது வருடத்தில் கார்டு காலாவதி ஆனது. புதுப்பிக்க வேண்டியது கம்பெனி. அங்கே தொழிலாளி தானே போய்ப் புதுப்பிக்க முடியாது. பாஸ்போர்ட்டும் அவர்கள் பெட்டிக்குள் இருந்தது. மேனேஜரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "பிராசஸ்ல இருக்குதுங்க" என்றார். நானும் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இதை மறைக்க மாட்டேன். தேதி முடிந்தது எனக்குத் தெரியும். முதல் மாதமே லேபர் ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்ற பயம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கூடுதல் நாள் தங்கியது நிஜம். ஓடிப்போனதாக எழுதியது பொய். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவைக்கத்தான் நாலு மாதம் ஆனது.

கம்பெனி ஏன் அப்படிச் செய்தது என்பது பிறகு விளங்கியது. லைசென்சில் ஏதோ சிக்கலாகி, யாருக்கும் கார்டு புதுப்பிக்க முடியாமல் போயிருக்கிறது. ஆளை வைத்துக்கொண்டு புதுப்பிக்காவிட்டால் குற்றம் கம்பெனி மேல். ஆள் ஓடிப்போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தால் குற்றம் ஆள் மேல். அவ்வளவுதான் கணக்கு.

3. நம்ம ஊர்க்காரர் நீட்டிய காகிதம்

மேனேஜர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்; டீ வரவழைத்தார்; அரபியில் அடித்த ஒரு பக்கத்தை நீட்டினார்.

"ஏனுங் அம்மணி, பதறாதீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாலு நாள்ல ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

"இதுல என்ன எழுதியிருக்குதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க, ஃபார்மாலிட்டி."

"அந்த ஒண்ணுமில்லாததைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"நம்ம ஊர்க்காரன் மேல நம்பிக்கை இல்லீங்களா?"

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். அவர் முகம் மாறியது. கவுண்டரிலேயே தன் நம்பரைக் கொடுத்திருந்த ஜெசிக்குப் படத்தை அனுப்பினேன். அவள் மருத்துவமனையில் அரபி தெரிந்த நர்ஸிடம் காட்டி வாய்ஸ் மெசேஜில் சொன்னாள். மேனேஜர் எதிரிலேயே சத்தமாக வைத்துக் கேட்டேன். காகிதத்தில் இருந்தது இதுதான்: ஆறு மாதத்துக்கு முன் என் விருப்பப்படி வேலையை விட்டுப் போனேன். கம்பெனி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. என் மேல் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதம்.

டீயைத் தொடாமல் எழுந்தேன்.

"கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

"அம்மணி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். இப்ப நீங்க ரோட்டுல நடந்தாப் பிடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

"வெக்கட்டுங்க. ஏன் வெச்சாங்கன்னு அங்க சொல்றேன்."

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார். மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். வாட்ச்மேன் தயங்கினார். "ஓடிப்போனவளை நீங்க எப்படிங்க தடுப்பீங்க? நான் இங்க இல்லவே இல்லையே" என்றேன். அவருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் வழிவிட்டார். என் டேபிளில் பாதி கம்பி சுற்றிய மோட்டார் ஸ்டேட்டர் இருந்தது. அதைச் சுற்றி முடித்து, டெஸ்ட் செய்து, என் பெயரை எழுதி வைத்துவிட்டு, கம்பெனி வேனில் ஏறாமல் பஸ்ஸில் லேபர் ஆபீசுக்குப் போனேன். வழியில் போலீஸ் வண்டி ஒன்று பஸ்ஸை முந்திப் போனபோது சீட்டில் குனிந்துகொண்டேன். குனியவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

4. லேபர் ஆபீஸ்

புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை நாலு தடவை தள்ளிப்போனது. கம்பெனி ரூமுக்குத் திரும்ப முடியாததால் அந்த மாதங்களில் ஜெசியின் அறையில் தங்கினேன்.

விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் பாலக்காட்டுக்காரர். எங்களுக்கு அது அடுத்த ஊர் மாதிரி. அதிகாரி கேட்பதை மலையாளம் கலந்த தமிழில் சொல்வார்.

"சேச்சி, நீங்க வேலை செஞ்சதுக்கு என்ன தெளிவு இருக்குன்னு சார் கேக்குறார்."

தெளிவு என்றால் மலையாளத்தில் சான்று. என் போனைக் கொடுத்தேன். கணபதியில் வேலை கற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். காயில் கனெக்ஷன் கொடுத்து முடித்ததும், மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பேன். நாளைக்கு எரிந்தால் என் தப்பா, கரண்டின் தப்பா என்று தெரிய வேண்டும். ஓடிப்போனதாக அவர்கள் எழுதிய தேதிக்குப் பிறகும் வரிசையாகப் படங்கள் இருந்தன.

மேனேஜர் எழுந்தார். "சார், இது எந்த வொர்க்ஷாப்புன்னு யாருக்குத் தெரியும்? ஓடிப்போய் வேற இடத்துல வேலை செஞ்சிருக்கலாம்." அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் ஞாபகமும் வந்தது. நகரத்துக் குடிநீர் பம்பு ஹவுஸ் மோட்டார்கள் எங்களிடம் வரும்போது, அவர்களுடைய இன்ஸ்பெக்டர் நேரில் வந்து டெஸ்டைப் பார்த்துச் சீல் வைப்பார். அந்த ஷீட்டில் சுற்றியவர் பெயரும் எழுத வேண்டும்.

"அந்த இன்ஸ்பெக்டரைக் கேளுங்க. புகார் குடுக்கறதுக்கு முந்தின மாசம்கூட அவர் எதிர்லதான் கரண்டு கசியுதான்னு பாக்கற மெகர் டெஸ்ட் எடுத்தேன். கம்பெனி ஷெட்டுலதான் எடுத்தேன்."

அதிகாரி அங்கேயே போனில் பேசினார். அடுத்த வாரம் ஷீட்டுகள் வந்தன. ஒன்பது ஷீட். ஒவ்வொன்றிலும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் என் பெயர், மரகதம். கீழே தேதி, இடம், சீல். கூடவே அந்த இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: இந்தப் பெண்ணின் மோட்டார்கள் திரும்பி வருவதில்லை.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்ஸ்காண்டிங் கேஸ் ரத்தானது. அபராதம் கம்பெனி தலையில். பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள், மேனேஜர் வைத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தபோது மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"சேச்சி, ஒரு காரியம் பாக்கி இருக்கு. ஓவர்ஸ்டே ஆனது நேரு, நிஜந்தானே. ரெண்டு வருசம் இங்க வரக்கூடாது. பான்."

"கார்டைப் புதுப்பிக்காதது அவங்க. பான் எனக்கா?"

"தங்கினவங்களுக்குத்தான் பான்னு சார் சொல்றார். சட்டம்."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"சரிங்க. சட்டத்தை நான் மாத்த முடியாது. ஆனா அந்த ஆர்டர்ல காரணத்தையும் எழுதச் சொல்லுங்க. கம்பெனி புதுப்பிக்கலை, இவ வேலையிலதான் இருந்தான்னு. எழுதற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் என் பக்கத்தில் நின்றபடி தன் வழக்கைச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர். மூன்றாவது ஆள் போனதும் அதிகாரி பேனாவை எடுத்தார். இரண்டு வரி. மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

5. ஊரில்

பீளமேட்டில் விமானம் இறங்கியது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே என் கணவர் ஆரம்பித்தார்.

"யாரு கேட்டாலும் லீவுல வந்திருக்கேன்னு சொல்லிப்போடு."

"ரெண்டு வருசம் லீவா? பான் போட்டு அனுப்பிட்டாங்கன்னுதான் சொல்லுவேன்."

"பொண்ணுக்கு வரன் பேசிட்டிருக்கறோம், மரகதம்."

"அதனாலதான் சொல்றேன். வேற யாராச்சும் சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா?"

வரன் காங்கேயத்துப் பக்கம். பையனின் அம்மா வந்து உட்கார்ந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்: "வெளிநாட்டுல ஏதோ போலீஸ் கேசுன்னு சொன்னாங்களேங்க?"

ஆர்டரைத் தமிழில் எழுதி வாங்கி வைத்திருந்தேன். எடுத்து அவர் முன் வைத்தேன். முழுவதும் படித்தார். "எல்லாம் சரிங்க, ஆனா பான்னு இருக்குதுங்களே" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து போன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து என் மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா, மறைச்சு வெச்சுக் கட்டிக் குடுத்திருந்தா, தினமும் நான் பயந்துக்கிட்டே இருந்திருப்பேன். போனாப் போகட்டும்." அடுத்த வருடம் சூலூரில் ஒரு நல்ல இடத்தில் அவளுக்கு முடிந்தது. அவர்களிடமும் முதல் நாளே சொன்னோம்.

பழைய யூனிட்டிலேயே என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் ஓர் ஏஜென்ட் வந்தார். பாஸ்போர்ட்டில் பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டிக் குறைத்து, பிறந்த தேதியை மாற்றிப் புதிதாக எடுத்தால் ஆறே மாதத்தில் திரும்பப் போகலாம் என்றார்.

"நிறையப் பேரு இப்படித்தானுங்க போறாங்க."

"கைரேகையையும் மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒன்பது ஷீட்டில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு வேறு பெயரில் நான் ஏன் போக வேண்டும்? என்னைப் பற்றிப் பொய் எழுதினார்கள் என்றுதானே சண்டை போட்டேன்?

6. மறுபடியும்

பான் காலம் முடிந்ததும் அதே நாட்டில் வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். ஏன் மறுபடி அங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த நாடு என்னை ஏமாற்றவில்லை, ஒரு கம்பெனி ஏமாற்றியது என்றேன். அது உண்மைதான். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. அந்த வாசலை என் கண் முன்னே மூடிவிட்டார்கள் என்பதைப் பொறுத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

வீடியோவில் இன்டர்வியூ. முன்பு பான் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொல்லி ஆர்டரை அனுப்பினேன். மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு விசா வந்தது. பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன்.

இறங்கியதும் இமிகிரேஷனில் ஓர் இளம் அதிகாரி திரையை நீண்ட நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் கேட்டார். "பான் இருந்ததா?"

"இருந்தது. முடிந்துவிட்டது."

"ஏன் மறுபடி வந்தீர்கள்?"

"வேலை இருக்கிறது" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். ஆனால் குரல் தழையவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

இரண்டு வருடம் வேலை செய்து, கார்டு முடிய இருபது நாள் இருக்கும்போது நானே டிக்கெட் போட்டுத் திரும்பினேன்.

வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் விசாத் தேதியைப் பார்க்கும் வேலையைக் கம்பெனியிடம் விடாதீர்கள். "பிராசஸ்ல இருக்கு" என்ற பதிலை ஒரு தடவைக்கு மேல் ஏற்காதீர்கள். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு மரியாதையாக நீட்டினாலும்.

நான் பான் வாங்கியவள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூடுதலாகத் தங்கினேன், அதற்கான தண்டனையை அனுபவித்தேன். ஓடிப்போனவள் என்று என்னைப் பற்றி எழுதினார்கள். எழுதிய இடத்திலேயே உட்கார்ந்து அதை அடித்துத் திருத்த வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்.