பறவைக்கும் பவுடர்

தெருவில் அவருக்குப் பவுடர்க்காரர் என்று பெயர். விற்பது பவுடர் இல்லை, ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் படம் எடுக்கப் போனால் எப்பேர்ப்பட்ட முகமும் பளிச்சென்று வெளுத்துத்தான் வெளியே வரும். கணினி முன் உட்கார்ந்தால் அவர் கை தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். போதாக்குறைக்குக் கேமராவிலும் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றியே வைத்திருந்தார். எப்போது ஏற்றினார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, அவரும் மாற்றவில்லை.

முகம் சுளித்தது ஒரே ஒரு ஆள்தான், அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, அதனால் ஊருக்கெல்லாம் நர்ஸம்மா. நல்ல கறுப்பு. தலைமை நர்ஸாக உயர்ந்தபோது வார்டு வாசலில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியில் போவானேன் என்று கணவரிடமே எடுத்துக்கொண்டார். மாட்டிய அன்றே, கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி படத்தின் முன் நின்று, "யாருக்கா இந்தப் புது மேடம்? எப்ப வந்தாங்க?" என்று இவரிடமே கேட்டுவிட்டாள்.

மாலையில் படம் வீட்டுக்கே திரும்பி வந்தது.

"என்னை மாதிரி இருக்கிற படம் ஒண்ணு எடுத்துக் குடுங்க. முடியலேன்னா சொல்லிடுங்க, எதிர்க்கடையில எடுத்துக்கிறேன்."

எதிர்க்கடையும் ஸ்டூடியோதான். சொந்தப் பெண்டாட்டி சாலையைக் கடந்து அங்கே படியேறினால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

"உன்னை அழகா காட்டணும்னுதானே செஞ்சேன்?"

"அப்ப நான் அழகா இல்லையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த கணவன் எவனும் இல்லை. மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடையைக் கட்டினார்.

ஞாயிறுதோறும் அவர் போகிற இடம்தான் அது. தேங்கிய நீரில் நெடுங்கால் உள்ளான்கள் இரை தேடும். சிவந்த குச்சிக் கால், ஊசி அலகு, வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு. "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனிதருக்கு, சொன்ன பேச்சு கேட்காத இந்தப் பறவைகள் மேல் கொள்ளைப் பிரியம். சேற்றில் வயிறு படக் கிடந்து எடுப்பார். ஆனால் ஒன்றுகூட உருப்படியாக வந்ததில்லை. வெள்ளை உடம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு உருண்டைதான் இருக்கும். இறகு என்பது மருந்துக்கும் தெரியாது. லென்ஸ் சரியில்லை, வெயில் சரியில்லை என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் பறவையே சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அன்றைய படங்களைக் கணினியில் போட்டபோது நர்ஸம்மா பின்னால் வந்து நின்றார்.

"இதுக்கும் பவுடர் போட்டாச்சா?"

"சத்தியமா நான் கையே வைக்கலை. கேமராவில வந்தது அப்படியே இருக்கு."

"அப்ப கேமராவே போட்டிருக்கும்."

பவுடர்க்காரர் கேமராவை எடுத்துப் பார்த்தார். பழைய ஒரு படி, முகங்களுக்காக ஏற்றியது, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. அசடு வழியச் சிரித்தார். சாப்பிடாமல்கூட மறுபடி உப்பளத்துக்கு ஓடினார்.

இந்த முறை வெளிச்சத்தை வழக்கத்துக்கும் ஒரு படி கீழே இறக்கினார். படம் இருட்டாகத் தெரிந்தது, கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வெள்ளைக்குள் இறகு இறகாக, ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய நிழலோடு, முழுப் பறவை நின்றது. கறுப்புச் சிறகு மட்டும் கரிக்கட்டையாக இருந்தது. வெள்ளையைத் தொடாமல் அந்தக் கறுப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். உள்ளே பச்சை மினுமினுப்பு தெரிந்தது. அதற்கு மேல் தூக்கினால் சாம்பல் பூத்துவிடும். அங்கே நிறுத்தினார்.

திரும்பிப் பார்த்தார். சாயங்கால ட்யூட்டிக்குக் கிளம்பி, வெள்ளை யூனிஃபார்மில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் துணி, கறுத்த முகம்.

"அப்படியே உக்காரு," என்றார்.

துணியின் மடிப்பு அழியாத அளவுக்கு வெளிச்சத்தை இறக்கி எடுத்தார். பிறகு மனைவியைக் கணினிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, திரையை ஒரு முறை, ஆளை ஒரு முறை பார்த்துப் பார்த்து முகத்தின் இருட்டை விலக்கினார்.

"என்ன, அப்படிப் பாக்கறீங்க?"

"உன் நிறம் என்னன்னு பாக்கறேன்."

"இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையாகவே பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு வேலையை முடித்தார்.

நர்ஸம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூட்டிக்கு நேரமாகிறது என்பதும் மறந்துவிட்டது. கன்னத்து மேட்டையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் விரலால் தொட்டார்.

"எங்கம்மா ஜாடைன்னு எல்லாரும் சொல்வாங்க. எந்தப் படத்துலயும் நான் பார்த்ததே இல்லை. இதுல இருக்காங்க."

பவுடர்க்காரர் திகைத்துப்போனார். "அப்ப இவ்வளவு நாளா நான் பவுடர் போட்டு அழிச்சது அத்தையைத்தானா?"

"ஆமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் நர்ஸம்மா. "அவங்க இருந்திருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்க."