டெல்மாவின் தேர்வுக்கு ஊரே தலைகாட்டியது

டெல்மா இதுரால்தே கம்பம் ஏறத் தொடங்கி பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் எங்கள் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பதுதான் அவள் வேலை. ஒரு புயலுக்கு மறுநாள், கம்பம் ஏறுகிறவர் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஊர் முழுக்கப் போன் செத்துக் கிடந்தது, சங்கத் தலைவரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டெல்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் கிரீஸ் போட ஏழு வயதில் ஏறியவளுக்குக் கம்பமெல்லாம் ஒரு பொருட்டா? மாலைக்குள் ஊரில் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. துடைப்பத்தை அவள் திரும்ப எடுக்கவில்லை.

அர்ஜென்டினா வரைபடத்தில் எங்கள் லகுனா ரெடோண்டாவைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பாம்பா புல்வெளி நடுவே ஆயிரத்துச் சொச்சம் மனிதர்கள், அதைப்போலப் பத்து மடங்கு மாடுகள், அவ்வளவுதான். போன் கம்பி போய் இன்டர்நெட் வந்தபோது டெல்மாவே அதற்கும் பொறுப்பானாள். எந்த வீட்டில் எந்தச் சுவர் சிக்னலைத் தின்கிறது, எந்த ரவுட்டரைப் பூனை கட்டிலாக வைத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரிப்பேருக்கு வந்தால் முதல் ஐந்து நிமிஷம் வீட்டுக்காரர்களுக்குத் திட்டு விழும், அடுத்த ஐந்து நிமிஷத்தில் நெட் வந்துவிடும். திட்டு வாங்காத வீடு ஊரில் இல்லை.

பெருந்தொற்று வருஷத்தில் கல்யாணம், கருமாதி, பூசை என்று எல்லாமே திரைக்குள் போனபோது, முகக்கவசத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி வீடியோ கூட்டத்தில் சேரக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பச்சைப் பொத்தானை அழுத்து, கேமராவைப் போடு, முகத்தைக் காட்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த மூன்றாவது பாடம்தான் ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நல்லது கெட்டதுக்குப் போனால் தலையைக் காட்ட வேண்டும், வந்ததை நாலு பேர் பார்க்க வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி இங்கே நல்லபடியாகப் பேச மாட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. கம்பியைத் தொடுகிற எவரும் இனிமேல் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு, வீடியோ வழியாக. கேட்பவர் இன்ஜினியர் கலார்சா.

மார்ச் மாதம் முதல் தடவை உட்கார்ந்தாள். லேட்டன்சி என்றால் என்ன என்று கலார்சா கேட்டார். உயிரை வாங்குகிற விஷயம் என்றாள் டெல்மா. ஜிட்டர்? அது வந்தால் என் மாமியார் குரல் வாத்து மாதிரி கேட்கும் என்றாள். கலார்சா சிரிக்கவில்லை. வரையறை வேண்டும் என்றார். பத்துக்கு மூன்று மார்க். பாஸ் ஆக ஆறு வேண்டும். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதிலும் தவறினால் தலைநகரிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு ஆள் வந்து கம்பம் ஏறுவான், டெல்மாவுக்கு அலுவலகத்துக்குள்ளேயே வேலை கொடுப்பார்கள். என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தத் துடைப்பம் இன்னும் அதே மூலையில்தான் இருந்தது.

பெருக்குவதை அவள் கேவலமாக நினைத்தவள் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் கம்பத்து உச்சியிலிருந்து ஊரைப் பார்த்துவிட்டாள். இன்னொருவன் மேலே நிற்க, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை ஒஸ்மாரிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஒஸ்மார் அவள் கணவன், டிராக்டர் மெக்கானிக். ஒல்லிக்குச்சியான டெல்மாவை இருபத்திரண்டு வருஷமாக அவன் ‘குண்டு’ என்றுதான் கூப்பிடுகிறான். பாசம் முற்றினால் எங்கள் ஊரில் இப்படித்தான் பெயர் வைப்போம். ஃப்ரிட்ஜ் கதவு, குளியலறைக் கண்ணாடி, மாட்டே என்கிற மூலிகைத் தேநீர் குடிக்கும் குவளை வைக்கிற அலமாரி என்று எங்கு பார்த்தாலும் டெல்மா வரையறை எழுதிய சீட்டு ஒட்டிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கறியைத் தணலில் புரட்டிக்கொண்டே ஒஸ்மார் கேள்வி கேட்பான், அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். “ஒரு தரவுப் பொட்டலம் மூலத்திலிருந்து இலக்கை அடைவதற்கு எடுத்துக்கொள்ளும் கால அளவே லேட்டன்சி எனப்படும்.” பாதிரியாரே தோற்றுப்போவார், அப்படி ஒரு ராகம்.

தேர்வு நேரத்தை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். மதியம் இரண்டரை என்று எழுதிக் கொடுத்தாள். அதில்தான் அவள் மூளை. ஒன்றிலிருந்து நாலு வரை லகுனா ரெடோண்டாவில் நாய்கூடக் குரைக்காது. கடைக்கதவு சாத்தி, ஜன்னல் மரத்தட்டியை இழுத்துவிட்டு, ஊரே உறங்கும். தலைநகருக்குப் போகிற ஒற்றை இணைப்பு முழுசாக அவள் ஒருத்திக்கே கிடைக்கும்.

தேர்வைக் கேட்க யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது பழைய வழக்கம். அதனால் கடுதாசியிலேயே கூட்டத்தின் இணைப்பு முகவரியும் இருந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று ஒஸ்மாரிடம் டெல்மா சத்தியம் வாங்கினாள். ஒஸ்மாரும் சத்தியத்தைக் கிட்டத்தட்டக் காப்பாற்றினான். ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னான். அந்த ஆள் பேக்கரி ரொசெந்தோவாகப் போனதுதான் கோளாறு.

இரண்டரைக்கு, காலியான சங்க அலுவலகத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டெல்மா திரைமுன் உட்கார்ந்தாள். கலார்சா டை கட்டியிருந்தார். வணக்கம் சொன்னார், பெயரைச் சரிபார்த்தார். திரையின் மூலையில் பங்கேற்பாளர் எண்ணிக்கை இரண்டு என்று இருந்தது. பிறகு அது மூன்று ஆனது. ரொசெந்தோவின் மூக்குத் துவாரங்கள் ஒரு கட்டத்துக்குள் தெரிந்தன. அடுத்து பதினேழு. மாமியார் சுலேமா வீட்டுக் கூரை விசிறி தெரிந்தது. அறுபது. பாதிரியார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நூற்று நாற்பத்து மூன்று. பிறந்த நாள் முதல் மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுக்காத ஜனங்கள், தலைக்குத் தண்ணீர் தெளித்துச் சீவிக்கொண்டு, ஒருவர் விடாமல் கேமராவைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கலார்சா எல்லோரையும் மியூட்டில் போட்டார். வாயைத்தான் மூட முடிந்தது அவரால்.

டெல்மாவுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒஸ்மாரை வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி முதல் கேள்விக்குப் பதிலைத் தொடங்கினாள். “ஒரு தரவுப் பொட்டலம் மூலத்திலிருந்து...” கலார்சாவின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்தது. அப்புறம் துண்டு துண்டாகக் குரல் மட்டும் வந்தது.

“அம்மா... உங்க பக்கம் லைன்... சரியில்ல. அஞ்சு நிமிஷம் தர்றேன். சரியாகலைன்னா தேர்வை ரத்து... பண்ணணும். ரத்தானா ஃபெயில்தான், விதி அப்படி.”

என்ன நடக்கிறது என்று டெல்மாவுக்குப் பார்க்காமலே தெரியும். எல்லோரும் கேமராவை அணையுங்கள் என்றாள். வந்திருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அணைக்கவில்லை. அந்தப் பேச்சு அடுத்தவருக்கு என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அவள் பரீட்சையில் தன் முகம் இல்லாமல் போனால் நாளைக்கு என்ன நினைப்பாள்? போதாக்குறைக்கு இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போய்விட்டது.

மனப்பாடம் செய்தது அத்தனையும் அந்த நொடியில் டெல்மாவின் தலையைவிட்டு ஓடிப்போனது. ரிப்பேருக்குப் போன வீட்டில் நிற்கிறவள்போல இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள்.

“யோவ் ரொசெந்தோ, எல்லாரும் கேளுங்க. மாட்டை லாரியில ஏத்த ஒரு சந்து வெச்சிருக்கோமே, அதோட அகலம் எவ்வளவு? ஒரு மாடு போகும். அதுதான் நம்ம பேண்ட்விட்த். அடுத்தவங்களைப் பாக்குறது உள்ள வர்ற வழி, அது கொஞ்சம் தாராளம். உங்க மூஞ்சியை அனுப்புறது வெளிய போற வழி, அதுதான் இந்தச் சந்து. நூத்தி நாப்பது பேரு ஆளுக்கு ஒரு மந்தையை ஓட்டிக்கிட்டு வந்து ஒரே நேரத்துல முட்டுறீங்க. என் மாடு கடைசியில நிக்குது.”

திரையில் சில முகங்கள் ஒன்றையொன்று தேடின.

“நான் ஒரு வார்த்தை சொன்னா அந்த ஐயாவுக்குப் போய்ச் சேர நாலு செகண்டு ஆவுது. அந்தக் காத்திருப்புதான் லேட்டன்சி. அதுகூடப் பரவால்ல, நாலுன்னா எப்பவும் நாலுன்னு இருந்தா சமாளிக்கலாம். ஒரு மாடு உடனே வருது, அடுத்தது அரை மணி நேரம் கழிச்சு, அப்புறம் மூணு ஒண்ணா வந்து விழுது. எண்ணிக்கை சரி, இடைவெளிதான் தாறுமாறு. அது ஜிட்டர். சுலேமா அத்தே, உங்க குரல் வாத்தா மாறுறது இதனாலதான், உங்க தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்ல. சந்து வாசல்ல நிக்க இடம் இல்லாம சில மாட்டைத் தொரத்தியே விட்டுடுறாங்க பாருங்க, அது பாக்கெட் லாஸ். அந்த மாடு இனி வராது. போச்சு. என் வேலையும் அப்படியே போகப்போகுது. புரியுதா? கம்பத்துல இன்னொருத்தன் ஏறுவான், நான் கீழ நின்னு பாக்கணும். என்னால முடியாது.”

இவ்வளவு நாள் ஒஸ்மாரிடம்கூடச் சொல்லாததை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். மூன்று நிமிஷம் முடிந்திருந்தது.

இப்போது புரிந்தது. புரிந்தவுடன் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தைவிட்டுக் கிளம்புகிறவன் ஒவ்வொருவர் கன்னத்திலும் முத்தமிட்டு விடைபெறாமல் வாசல் தாண்ட மாட்டான். பத்துப் பேர் விருந்தில் விடைபெறவே முக்கால் மணி நேரம் ஆகும். இங்கே நூற்று நாற்பத்து ஏழு பேர். ஒவ்வொருவரும் திரையில் அடுத்தடுத்த கட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கையசைத்தார்கள், விரலில் முத்தம் வைத்து ஊதினார்கள். ரொசெந்தோ முதல் வரிசையை முடித்து இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தான்.

“சொல்லிக்கிட்டுப் போக வேணாம்யா. சொல்லாமப் போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். போனை அணைச்சு வெச்சிட்டுப் போய்த் தூங்குங்க.”

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத உதவி அது. மனசில்லாமல்தான் போனார்கள். எண்ணிக்கை நூறுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது, பாதிரியார் சிலுவை போட்டுவிட்டு மறைந்தார், சுலேமா வீட்டுக் கூரை விசிறியும் மறைந்தது. கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிச்சம்.

“ஒஸ்மார், நீயுந்தான்.”

“நான் மாடு இல்லையே குண்டு, உன் புருஷன்,” என்று அவன் வாயசைத்தது மியூட்டிலும் தெரிந்தது. அப்புறம் அந்தக் கட்டமும் இருட்டானது.

கலார்சாவின் முகம் அசைந்தது. படம் பளிச்சென்று வந்தது. அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். டெல்மா உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மன்னிச்சுக்கங்க, இப்ப வரையறை சொல்றேன், மனப்பாடமா இருக்கு என்றாள்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அந்தத் தொரத்திவிட்ட மாடு. அதைத் தேடிப் பிடிச்சு மறுபடியும் அனுப்பினா என்ன?”

டெல்மாவுக்கு இந்தக் கேள்வி எந்தச் சீட்டிலும் இருந்ததாக நினைவில்லை.

“ஒரு கடுதாசி, ஒரு போட்டோன்னா தேடிப் போகலாங்க, லேட்டா வந்தாலும் முழுசா வரணும். பேச்சுக்கு வேணாம். போன வார்த்தை பத்து செகண்டு கழிச்சு வந்தா அடுத்த வார்த்தையை மிதிச்சிடும். விட்டுட்டு மேல பேசிக்கிட்டே போயிடணும்.”

கலார்சா எழுதினார். எழுதியதை அடித்தார், மறுபடி எழுதினார். டையைத் தளர்த்தினார்.

“ஏழு,” என்றார். “வரையறை சொல்லாததுக்கு மூணு கழிச்சிருக்கேன், விதி. சான்றிதழ் தபால்ல வரும். அந்த சந்து சமாச்சாரத்தை நான் என் வகுப்புல சொல்லிக்கலாமா?”

சொல்லிக்கங்க என்றாள். திரை அணைந்தது. மணி இரண்டு ஐம்பது.

ஒஸ்மாருக்குப் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமியாருக்கு அடித்தாள், ரொசெந்தோவுக்கு அடித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறது. சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை. சாவு விழுந்தாலொழிய மதியத் தூக்க நேரத்தில் எங்கள் ஊரில் ஒருவர் கதவை இன்னொருவர் தட்டுவதில்லை. நாலு மணி வரை பொறுக்க வேண்டியதுதான் என்று அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வெயில் சுட்டது. எல்லா ஜன்னலிலும் மரத்தட்டி இறங்கியிருந்தது. பாதித் தெரு நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பேக்கரி மாடியிலிருந்து தினமும் கேட்கிற குறட்டை கேட்கவில்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. எதிர்வீட்டிலும் இல்லை. தெரு முழுக்க ஒரு வீட்டில்கூட யாரும் குறட்டை விடவில்லை.

டெல்மா நடுத்தெருவில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோலத்தான் சொன்னாள்.

“ஏழு மார்க்கு.”

தெருவின் இரண்டு பக்கமும் மரத்தட்டிகள் படபடவென்று திறந்தன.