குப்புறப் படுத்துக் கேட்டவர்

பாரிசில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் புறநகரான செவ்ரானிலிருந்து வந்து ரோல்ஸ் சுற்றிப் பொரித்து, மதியக் கூட்டம் கலைந்ததும் வேலையை முடித்துவிடுவேன். ஐம்பதை நெருங்கும்போதுதான் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். அதுவரை மகள்தான் எனக்கு வாயாக இருந்தாள். அவள் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனபிறகு, மருத்துவரிடம்கூடக் கையால் காட்டிப் பேசவேண்டியதாயிற்று.

கடைக்குப் பின்தெருவில் ஒரு சங்கத்தின் சின்ன அறையில் வகுப்பு. ஆசிரியை அஸர்பைஜான்காரர். அறுபதைத் தாண்டியவர், கட்டை முடி, எப்போதும் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. நான் பிரெஞ்சில் வாய் திறந்தாலே வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய்ப் போடுவேன். அங்கே படிப்பிக்கும் மற்ற ஆசிரியர்கள் அதைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் சிரித்தார். பலகையில் தன் மொழியில் ஒரு வரி எழுதி வாசித்தார்.

"மென் தூனென் பஸார்தான் பாலக் ஆல்தம். நான், நேற்று, சந்தையிலிருந்து, மீன், வாங்கினேன். இதே வரிசையா உங்கள் மொழியிலும்?"

"ஓம்" என்றேன், அவசரத்தில் தமிழிலேயே.

அன்று முதல் வகுப்பு முடிந்து மெற்றோ வரை சேர்ந்து நடப்போம். அவர் கதை அப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியவந்தது. தன் நாட்டுத் தலைநகர் பாக்கூவில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பித்தவர். இரண்டு சிறுகதைப் புத்தகங்கள் எழுதியவர். அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் மொழியை ரஷ்ய எழுத்தில்தான் எழுதினார்கள். சோவியத்திலிருந்து பிரிந்து நாடு தனியானபிறகு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். பிரெஞ்சு தெரிந்ததால் அந்த எழுத்து அவருக்குப் பழக்கம். கணக்கு வாத்தியார், சரித்திர வாத்தியார், பள்ளிக்கூட அதிபர்கூட, பள்ளி விட்டபின் அவரிடம் வந்து பிள்ளைகள்போல் எழுதிப் பழகினார்களாம். அவருடைய இரண்டாவது புத்தகம் புது எழுத்தில் வந்தது. அதை அவருடைய அம்மாவால் வாசிக்க முடியவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். மூன்றாவது கதையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கினாரா, கதை பிடிக்கவில்லையா, இன்றைக்கும் தெரியாது."

கணவர் இறந்தபிறகு, ஒரு வருடம் இருந்து மொழிபெயர்ப்பு செய்யலாமென்று பாரிசுக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். சில காலம் அலுவலகங்கள் துடைத்தார். பிறகு இந்த வகுப்பு. வீட்டில் பிரெஞ்சு நாவல்களைத் தன் மொழிக்குக் கொண்டுபோகிற வேலை.

போன வருடம் அவருடைய வலக்கண்ணின் விழித்திரையில் துளை விழுந்தது. சத்திரசிகிச்சை செய்து, சில நாட்கள் முகத்தைக் கீழே கவிழ்த்தபடியே இருக்கவேண்டும், வாசிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதே நேரம் பாக்கூவிலிருந்து அவர் மொழிபெயர்த்த நாவலின் அச்சுத்தாள்கள் வந்து சேர்ந்தன. கடைசியாக ஒருதரம் பார்த்து அனுப்பவேண்டும். என்னை அழைத்தார்.

"எனக்கு உங்கட மொழி தெரியாதே" என்றேன்.

"அதுதான் வேண்டும். தெரிந்தவர் பிழையான சொல்லையும் சரியாகவே வாசித்துவிடுவார். நீங்கள் தாளில் இருப்பதை மட்டும் வாசிப்பீர்கள்."

வீட்டில் சொன்னதும் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்கு ஒண்டும் விளங்காது. பிறகேன் வாசிக்கிறீர்?"

"விளங்காததாலைதான் கூப்பிட்டவ."

வேலை முடிந்ததும் ரயிலேறி, சென் தெனியில் இருந்த அவர் வீட்டுக்குப் போவேன். அவர் சோஃபாவில் குப்புறப் படுத்து, முகம் துடைக்கும் துவாயைச் சுருட்டி அதில் நெற்றியை வைத்திருப்பார். நான் தரையில் உட்கார்ந்து வாசிப்பேன். தலைகீழான ஒரு 'e', வால் முளைத்த 's', புள்ளியில்லாத 'i' என்று சில எழுத்துகளை மட்டும் முதல்நாள் சொல்லித்தந்திருந்தார். தரையைப் பார்த்தபடியே "நில்லுங்கள், அங்கே ஒரு எழுத்து அதிகம்" என்பார். நான் பென்சிலால் வட்டம் போடுவேன். முதல்நாள் தொண்டை வறண்டது. பிறகு, பொருள் தெரியாமலே, வாக்கியம் எங்கே இறங்கி முடிகிறது என்பது காதுக்குப் பிடிபட்டது. எங்கள் வாக்கியங்களைப் போலவே கடைசிச் சொல்லில் வந்து அமர்ந்துகொள்ளும்.

கடைசி அத்தியாயத்தில் ஓரிடத்தில் நான் நிறுத்தினேன்.

"ஏன்?"

"இது முடியவில்லைப் போலக் கிடக்கு."

அவர் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு விளக்கினார். மீனவனின் மனைவி ஒருத்தி, கணவன் இறந்தபின் தான் செய்ததை மகளிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிடுகிறாள். பிரெஞ்சில் 'விற்றுவிட்டேன்' என்பது முதலிலேயே வந்துவிடும், எதை என்பதுதான் வராது. அவருடைய மொழிபெயர்ப்பில் 'படகை' என்பது வந்து, என்ன செய்தாள் என்பது நின்றுபோனது.

"ஒரு மாதம் இந்த வரியோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? யோசிக்காமல் சொல்லுங்கள்."

"வித்துப்போட்டன் பிள்ளை, அப்பான்ரை..." என்று சொல்லி நிறுத்திவிட்டேன். எனக்கு மகள் நினைவு வந்துவிட்டது.

"முதலில் வந்த சொல் என்ன?"

"விற்றது."

துவாய்க்குள்ளிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். மனம் பதறினால் வினைச்சொல் முன்னால் ஓடிவந்துவிடும்." 'விற்றுவிட்டேன்' என்பதற்கான தன் மொழிச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பழைய வரியை அடித்துவிட்டு அதை ஓரத்தில் எழுதினேன். அவர் கை தடவிவந்து என் தோளில் இருந்தது. தேநீர் போடட்டுமா என்றேன். குப்புறப் படுத்தபடி குடிக்க உறிஞ்சுகுழாய் வேண்டும் என்றார்.

புத்தகம் வசந்தகாலத்தில் வந்தது. ஆசிரியை வகுப்புக்குத் திரும்பிவிட்டார். ஆனால் வலக்கண்ணுக்கு நேர்கோடுகள் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் தெரிகின்றனவாம். இப்போது மொழிபெயர்ப்பைக் குறைத்துக்கொண்டு, பல வருடம் விட்டுவைத்திருந்த தன் சொந்தக் கதைகளை மறுபடி எழுதுகிறார். வாரத்தில் ஒருநாள் நான் போய் வாசிக்கிறேன். சில இடங்களில் தலையாட்டுவார். சில இடங்களில், "இது நன்றாக இல்லை, அடியுங்கள்" என்பார். என் காதுக்கு அந்த வரி நன்றாகத்தான் ஒலிக்கும். இருந்தாலும் அடித்துவிடுவேன்.