திரையில் போட்ட சிலுவை

பாரீசில் இருக்கும் என் தம்பிக்கு அன்று கல்யாணம். கோவிலுக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளை முழங்காலிட, தாய் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். புதுச்சேரி மூலக்குளத்தில் என்னோடு இருக்கும் அம்மாவால் நடக்க முடியாது. அதனால் வெப்கேம் வழியாக ஆசீர்வாதம் என்று ஏற்பாடு. முதல்நாளே எல்லாம் சரிபார்த்திருந்தேன்.

அன்று திறந்தால், பிரவுசர் கேட்காமலேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதுப் பதிப்பில் வீடியோ வரவேயில்லை. "யாரைக் கேட்டு மாத்தின?" என்று கம்ப்யூட்டரிடமே கத்தினேன். வீட்டு லேண்ட்லைனில் தம்பியோ, "அம்மா சிலுவை போடாம படியிறங்க மாட்டேன்க்கா" என்றான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஓடி வந்தாள். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல பழைய பிரவுசர்தான்க்கா இருக்கு. புதுப்பிக்கவான்னு அது கேக்கும்போதெல்லாம் அப்புறம்னு அமுக்கிடுவேன். அம்மாவ நாற்காலியோட தூக்குங்க!"

தூக்கிக்கொண்டு ஓடினோம். திரையில் தம்பி முழங்காலிட்டான். அம்மா விரலால் மானிட்டர் கண்ணாடியிலேயே சிலுவை போட்டார். தம்பி எழுந்து கோவிலுக்குக் கிளம்பினான்.

மறுநாளே, புதுப்பிக்கும் முன் என்னைக் கேட்கும்படி பிரவுசரை மாற்றி வைத்தேன். பாதுகாப்புக்காகப் புதுப்பிக்காமல் விடுவதில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுபோல் அதற்கும் இப்போது நான்தான் நாள் பார்க்கிறேன்.